எல்லை தாண்டும் தொழிலாளர்களின் தரவுகள்: சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் சென்று திரும்பும் தொழிலாளர்கள் ஏராளம். வாளையாறு வழியாகக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே வேலைக்குச் சென்று வருவோரும் பலர். கொரோனா காலத்தில் இந்த எல்லைப் பாதைகளைக் கடக்கவும் வேலையில் நீடிக்கவும் தனிப்பட்ட விவரங்களைப் பதிவு செய்வது கட்டாயமானது. அப்போது எழுந்த தனியுரிமைக் கேள்விகள் இன்றும் தொடர்கின்றன.

2020 கட்டுப்பாடுகள்

2020 மே மாதம் வாளையாறு, குமுளி உள்ளிட்ட சாவடிகள் வழியாகக் கேரளத்துக்குள் நுழைய, 'கோவிட்-19 ஜாக்ரதா' இணையதளத்தில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டியிருந்தது. அரசு, தனியார் ஊழியர்கள் அனைவரும் 'ஆரோக்கிய சேது' செயலியைப் பயன்படுத்த வேண்டும் என மே 1-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. இருப்பிடத்தைப் பதிவு செய்யும் இந்தச் செயலிக்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. மே 17-ஆம் தேதி வெளியான வழிகாட்டுதலில், செயலி உள்ளதை நிறுவனங்கள் 'இயன்றவரை' உறுதி செய்தால் போதும் எனத் தளர்த்தப்பட்டது.

நீதிமன்றத் தலையீடு

கேரள மக்களின் கொரோனா தரவுகளை அமெரிக்காவின் 'ஸ்பிரிங்க்ளர்' நிறுவனம் கையாள்வது தொடர்பான வழக்கில், 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தனிநபரை அடையாளம் காண இயலாதவாறு மாற்றிய பின்னரே தரவுகளை அளிக்க வேண்டும். தரவு அளிப்போரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என அதில் கூறப்பட்டது. தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது.

புதிய சட்டம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

ஒப்புதல் கேட்கும்போது, எந்தத் தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்ற அறிவிப்பைத் தர வேண்டும். அரசமைப்பின் 8-ஆவது அட்டவணையில் தமிழ் இடம்பெறுவதால், கேரளத்தில் பணிபுரியும் தமிழரும் அதைத் தமிழில் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு.

எனினும், வேலைவாய்ப்பு தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் ஒப்புதலின்றியே அவரது தரவைப் பயன்படுத்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இடமளிக்கிறது. இதனால், பணியிடத்தில் தரவுகளைக் கேட்கும்போது மறுக்கும் வாய்ப்பு தொழிலாளர்களுக்குக் குறைவாகவே இருக்கும்.