ஆடை அறமும் ஒளிப்படமும்: ஆண்டிபட்டி நெசவு

உடுத்தியவரை விட்டுவிட்டு, உடை வந்த வழியைப் படமெடுப்பது ஆடை அறம்சார் ஒளிப்படம். நூற்றவர் யார், நெய்தவர் யார், என்ன கூலி, சாயத்தண்ணீர் எங்கே போயிற்று என்பவை அதன் கேள்விகள். தேனி மாவட்டத்தில் இதற்கு இயல்பான களம் ஆண்டிபட்டி. மதுரையிலிருந்து கணவாய் தாண்டியதும் வரும் ஊர். இங்குள்ள சக்கம்பட்டியும் பக்கத்து டி.சுப்புலாபுரமும் பருத்திச் சேலைக்குப் பேர்போனவை. கைத்தறி ஒடுங்கி விசைத்தறி ஓங்கிவிட்டது. கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நிற்பது அவ்வப்போது செய்தியாகும். இதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கேமரா புதிதல்ல. ஆனால் சினிமாக்காரர்கள் தேடி வந்தது வயலையும் மலையையும்தான், தறிக்கூடத்தை அல்ல.

இத்துறையின் முன்னோடி அமெரிக்கரான லூயிஸ் ஹைன். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளில் படமெடுத்தார். தன் கோட்டுப் பொத்தான்களையே அளவுகோலாக வைத்துச் சிறுவர்களின் உயரத்தைக் கணக்கிட்டு, வயதையும் வேலையையும் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் அவை வெறும் பிள்ளைப் படங்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். இடிபாட்டில் அணைத்தபடி இறந்துகிடந்த இருவரை தஸ்லிமா அக்தர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அதன்பின் எழுந்த ‘ஃபேஷன் ரெவல்யூஷன்’ இயக்கத்தினர், சட்டையை உள்பக்கம் திருப்பி லேபிள் தெரியப் படமெடுத்து, இதைத் தைத்தது யார் என்று நிறுவனங்களைக் கேட்டனர்.

தமிழ்நாட்டில் சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆறு, படத்துக்கு எளிதாக அகப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. கூலி அப்படி அகப்படுவதில்லை. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில ஆண்டுகள் வேலைக்கு வைத்த நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி நெதர்லாந்தின் இரு அமைப்புகள் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கைக்கும், வேலை செய்த பெண்களின் வாய்மொழிதான் ஆதாரம். விடுதியும் ஆலையும் ஒரே வாசலுக்குள் இருந்தால் கேமராவுக்கு வழியில்லை.

நெசவில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். குழித்தறி, ஜன்னல் வெளிச்சம், நெசவாளியின் சுருங்கிய கை: இப்படியொரு படத்தைப் போட்டு விசைத்தறிச் சேலையை விற்றுவிடலாம். கைத்தறி முத்திரை 2006இல் வந்ததே இந்தக் குழப்பத்தால்தான். விசைத்தறியை ஒதுக்குவதும் நியாயமில்லை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்ப்பதும், வீட்டில் பெண்கள் தார் சுற்றுவதும், பாவு இணைப்பதும் சேலைக்குள் இருக்கும் உழைப்பே. படத்தின் கீழே நூலின் எண், தறியின் வகை, சேலைக்கு என்ன கூலி என்பதை எழுதினால்தான் அந்த உழைப்பு தெரியும்.

கூலி பெரும்பாலும் சேலைக் கணக்கில்தான். தறியை நிறுத்தி முகம் காட்டச் சொன்னால் அந்த நேரம் நெசவாளிக்கு நட்டம். ஆகவே நாடா மங்கலான கோடாகப் பதிந்தாலும், தறி ஓடும்போதே எடுப்பதுதான் முறை.