விளையாட்டு விழாக்களில் தொண்டர் பணி

1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தை நாம் மறவோம். ஆனால் இத்தகைய விழாக்களைத் தாங்கி நிற்கும் தொண்டர்களை அறிவார் யார்?

1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கிலேயே சாரணச் சிறுவர் பணிபுரிந்தனர். 1992இல் பார்சிலோனாவில் தொண்டர் தொகை 34,000ஐக் கடந்தது. 2012இல் இலண்டனில் 70,000 ஆயிற்று. இலண்டன் தொண்டர்க்குச் சம்பளமில்லை. சீருடையும் பணிநேர உணவும் கிடைத்தன. அங்கு சென்று தங்கும் செலவு அவரவருடையதே. ஆகவே வசதியற்றோர் அப்பணிக்குச் செல்வது அரிது.

தொண்டு நமக்குப் புதிதன்று. கதிர்காமப் பாதயாத்திரீகர்க்கு இக்கரையோர ஊர்கள் தண்ணீரும் அன்னமும் அளித்து வருகின்றன. அதிற் பழகிய கல்முனை இளைஞர் உலகத்தார் திரளும் விழாவிலும் தலைநிமிர்ந்து பணிபுரிவர். அவர்தம் வழிச்செலவை ஊரார் ஏற்பின், அதுவும் தொண்டேயாம்.