குற்றாலத்து மங்குஸ்தான்

மங்குஸ்தான், மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து வந்து குற்றாலத்துத் திரிகூட மலைச்சாரலில் வேரூன்றிய, என்றும் பசுமை மாறாத பழமரமாகும். கார்சினியா மாங்கோஸ்டானா என்னும் அதன் தாவரவியல் பெயரை 1753-இல் இட்டவர் லின்னேயஸ். 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப்பயிர்த் தோட்டம் அமைத்துக் கிராம்பை அறிமுகம் செய்தது. கீழைத்தீவு மரங்களுக்கு இச்சாரலின் ஈரமும் நிழலும் ஒத்துவரும் என்பது அதன் வழியே தெளிவாயிற்று.

கூம்பு வடிவக் கவிகை கொண்ட இம்மரம் 6 முதல் 25 மீட்டர் வரை வளரும். தடித்த, தோல் போன்ற இலைகள் இணை இணையாக எதிரெதிரே அமைந்திருக்கும். பட்டையைக் கீறினால் மஞ்சள் நிறப் பால் கசியும். தக்காளியளவுள்ள பழம் வெளிறிய பச்சையாகத் தோன்றிச் செம்புள்ளி பூண்டு, முற்றியதும் கருஞ்சிவப்பாக மாறும். காம்பருகே நான்கு புல்லிகள் உதிராமல் நிற்கும். பழத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தால், சூல்முடியின் எச்சம் சிறு பூவைப் போலப் பதிந்திருக்கும். அதன் இதழ்கள் எத்தனையோ அத்தனை வெண்சுளைகள் உள்ளே இருக்கும் என்பதால், பழத்தைப் பிளக்காமலே சுளைகளை எண்ணிவிடலாம். விதை மகரந்தச் சேர்க்கையின்றித் தாய்மரத் திசுவிலிருந்தே உருவாவதால், நாற்று பெரும்பாலும் தாயின் நகலாகவே வளர்கிறது.

மருத்துவ மதிப்பு சுளையைவிடத் தடித்த தோலிலேயே மிகுதி. துவர்ப்புப் பொருளான டானின் அதில் நிறைந்திருப்பதால், உலர்த்திய தோலைக் காய்ச்சிய நீரைச் சீதபேதிக்கும் புண்களுக்கும் தென்கிழக்காசிய மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். சாந்தோன் எனப்படும் மஞ்சள் நிறச் சேர்மங்களுள் ஒன்றான மாங்கோஸ்டின் 1855-இல் தோலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது; நுண்ணுயிர்களையும் அழற்சியையும் தடுக்கும் அதன் ஆற்றல் ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருப்பினும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என விற்பனையாளர் சொல்வதை மனிதரிடம் நடந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து நோயாளியிடம் விற்பது பெருந்தவறு.

இரு நூற்றாண்டுகளாக அண்டை மலையில் நறுமணப்பயிர்கள் செழித்தும், இம்மரம் தாமிரபரணிச் சமவெளிக்கு இறங்கவில்லை. அதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. வேர்த்தூவிகள் இல்லாத வலுக்குன்றிய வேர் வறட்சியைத் தாங்காது. ஈரம் உலர்ந்தால் விதை முளைப்புத்திறனை விரைவில் இழக்கும். நட்டபின் காய்ப்பதற்கு எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் செல்லும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தை நனைக்கும் அளவுக்குக் கீழேயுள்ள வயல்வெளியை நனைப்பதில்லை. குற்றாலத்திலிருந்து ஓடிவரும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்துவிடுகிறது. மங்குஸ்தானோ அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. சீசன் காலத்தில் ரம்புத்தானுடன் அருவிக்கரைக் கடைகளில் குவிக்கப்படும் இப்பழத்தின் மருந்துத் தோல், சுளை தின்றவுடன் தெருவோரக் குப்பையில் சேர்கிறது.