திருப்பூர்க் காவல்துறையும் மக்கள் தொடர்பும்

பின்னலாடை நகரமான திருப்பூரிலும் அதைச் சூழ்ந்த மாவட்டத்திலும் சட்டம் ஒழுங்கு, குற்றத் தடுப்பு, போக்குவரத்து ஆகிய பணிகளைத் தமிழ்நாடு காவல்துறையின் இரு அலகுகள் மேற்கொள்கின்றன. நகரப் பகுதி ஆணையர் தலைமையிலான திருப்பூர் மாநகரக் காவலின் பொறுப்பு. அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை உட்கோட்டங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகின்றன. இந்த மாவட்டக் காவல் கோவை சரகத்தையும் மேற்கு மண்டலத்தையும் சேர்ந்தது. ரயில் நிலையத்தையும் தண்டவாளத்தையும் இருப்புப்பாதைக் காவல் தனியாகக் கவனிக்கிறது.

வேலை தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர் திருப்பூர். ஊர்ப் பெரியவர், உறவுக்காரர், தெரிந்த ஏட்டு என்று பழைய ஊர்களில் காவல் நிலையத்துக்குப் போக இருக்கும் வழிகள் இங்கே பெரும்பாலோருக்கு இல்லை. ஆகவே காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையிலான நம்பிக்கை, புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொரு தலைமுறைத் தொழிலாளரோடும் மறுபடி தொடங்க வேண்டியதாகிறது. முதலில் கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தும், பிறகு தென் மாவட்டங்களிலிருந்தும், அதன்பின் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர்.

வரலாறு

திருப்பூரின் பொது நினைவில் காவல்துறை பற்றிய மிக ஆழமான பதிவு 1932 ஜனவரி 10ஆம் நாளுக்கு உரியது. சென்னிமலையில் 1904இல் பிறந்து திருப்பூரில் வேலை பார்த்துவந்த குமாரசாமி, சட்டமறுப்பு ஊர்வலத்தில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றபோது பிரிட்டிஷ் அரசின் காவலர்களால் தாக்கப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். ‘கொடிகாத்த குமரன்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. நகரின் முதன்மைச் சாலைகளுள் ஒன்றான குமரன் ரோடு அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய நினைவகமும் நகரில் உள்ளது.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் திருப்பூர் கோவை மாவட்டக் காவலின் ஒரு பகுதியாகவே இருந்தது. பனியன் தொழில் உள்நாட்டுச் சந்தையைத் தாண்டி ஏற்றுமதிக்கு மாறிய 1980களிலும் 1990களிலும் நகரம் பெருகியது. காவல் அமைப்போ பின்னாலேயே வந்தது. 2008இல் திருப்பூர் மாநகராட்சியானது. 2009 பிப்ரவரி 22இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அதற்கெனத் தனி மாவட்டக் காவலும் உருவானது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 24,79,052. அதே ஆண்டு 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தன. 2014இல் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டது. சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலிக்கு அடுத்து தமிழ்நாட்டில் அமைந்த ஏழாவது ஆணையரகம் இது.

தொழில் நகரின் காவல் பணி

மாநகரக் காவலில் வடக்கு, தெற்கு, மத்திய, அனுப்பர்பாளையம், நல்லூர், வீரபாண்டி, 15 வேலம்பாளையம் முதலிய சட்டம் ஒழுங்கு நிலையங்களோடு அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் போக்குவரத்துப் பிரிவுகளும் உள்ளன. இவற்றின் அன்றாட வேலையைத் தீர்மானிப்பது பனியன் கம்பெனிகளின் கடிகாரம். காலை எட்டரைக்குக் கம்பெனி திறக்கும் வேளையில் பி.என். ரோடு, அவிநாசி ரோடு, பல்லடம் ரோடுகளில் கம்பெனி வேன்களும் இருசக்கர வாகனங்களும் ஒரே நேரத்தில் நெருக்குகின்றன. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு ஆட்கள் வெளியேறும்போது அதே நெரிசல் மீண்டும் ஏற்படுகிறது. வாரச் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலையும், காதர்பேட்டைக் கடைகளிலும் சாலையோரச் சந்தைகளிலும் கூட்டம் பெருகும் ஞாயிறும் ரோந்துக்கு முக்கியமானவை. பிக்பாக்கெட், குடிபோதைச் சண்டை, செல்போன் பறிப்பு ஆகியவை இந்த நேரங்களில் காவலர்கள் எதிர்பார்க்கும் குற்றங்கள்.

இன்னொரு வகைப் புகார் தொழிலிலிருந்தே பிறக்கிறது. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிரிண்டிங் என ஒரு பனியன் பல கைகள் மாறித்தான் உருவாகிறது. ஒவ்வொரு கட்டமும் வேறொரு ஜாப் ஒர்க் யூனிட்டில், பெரும்பாலும் வாய்ப்பேச்சு நம்பிக்கையில் நடக்கும். பணம் நின்றுபோனால் பாதிக்கப்பட்டவர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. ஆனால் கொடுக்கல் வாங்கல் தகராறு உரிமையியல் வழக்கு. காசோலை திரும்பினால் அது நீதிமன்றத்தில் தொடர வேண்டிய வழக்கு. தொடக்கத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகத் தெரிந்தால்தான் காவல்துறை மோசடி வழக்குப் பதிய முடியும். இந்த எல்லை பலருக்குத் தெரியாததால், நடவடிக்கை இல்லை என்ற மனக்குறையும், எல்லை மீறினால் கட்டப்பஞ்சாயத்து என்ற குற்றச்சாட்டும் காவல்துறைக்கு எப்போதும் அருகிலேயே இருக்கின்றன.

வெளிமாநிலத் தொழிலாளர்

2024–25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயை எட்டியது. உள்ளூர் ஆட்களை மட்டும் கொண்டு இந்த உற்பத்தி நடப்பதில்லை. லட்சக்கணக்கான வெளிமாநிலத் தொழிலாளர்களும் இதில் பங்கு வகிக்கின்றனர். அவர்களில் பலர் லைன் வீடுகளிலோ கம்பெனி விடுதிகளிலோ தங்குகின்றனர். ஆர்டர் குறைந்தால் இடம் மாறுகின்றனர். மொழி தெரியாததும் நிலையான முகவரி இல்லாததும் காவல் நிலையத்தை அவர்களுக்குத் தொலைவானதாக்குகின்றன.

இந்த உறவு கடுமையாகச் சோதிக்கப்பட்டது 2023 தொடக்கத்தில். வெளிமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் இளைஞர்களைத் துரத்துவதாகக் காட்டிய ஒரு காணொளி ஜனவரியில் திருப்பூரிலிருந்து பரவியது. அதையடுத்து, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகவும் கொல்லப்படுவதாகவும் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் முதல் வாரத்திலும் வடஇந்தியாவில் வதந்தி கிளம்பியது. திருப்பூரில் ரயிலில் அடிபட்டு இறந்த ஒரு தொழிலாளியின் மரணத்தைக் கொலை என்று நம்பி, சக தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் திரண்டனர். அவர் தண்டவாளத்தைக் கடந்தபோது விபத்து நேர்ந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவைக் கொண்டு இருப்புப்பாதைக் காவல் விளக்கியது.

அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சி. சைலேந்திர பாபு காணொளி வெளியிட்டு வதந்தியை மறுத்தார். வதந்தியோடு பரவிய இரு காட்சிகளும் திருப்பூரிலும் கோவையிலும் முன்பு நடந்தவை. ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல், மற்றது உள்ளூர்வாசிகள் இருவருக்குள் நடந்த மோதல் என்றார் அவர். திருப்பூர் மாநகர, மாவட்டக் காவல்துறையினர் கம்பெனிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் சென்று இந்தியிலும் பேசினர். தனி உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. பீகார் அரசு அனுப்பிய நான்கு அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் போகிறவர்களின் கூட்டமும் அதே நாட்களில் ரயில் நிலையத்தில் சேர்ந்ததால், யார் பயந்து போகிறார், யார் பண்டிகைக்குப் போகிறார் என்று வெளியிலிருந்து பார்த்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. வதந்தி பரப்பியோர் மீது தமிழ்நாட்டில் பல வழக்குகள் பதிவாயின. தமிழில் மட்டும் வெளியாகும் அறிவிப்பு இந்த நகரில் பாதிப் பேரை எட்டாமல் போகலாம் என்பதை அந்த வாரங்கள் காட்டின.

இதன் மறுபக்கம் அடையாளச் சரிபார்ப்பு. உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த வங்கதேசத்தவர் பலர் 2025 ஜனவரியில் திருப்பூர், பல்லடம் பகுதிகளில் கைது செய்யப்பட்டனர். ஆட்களின் விவரத்தைப் பதிவு செய்யும் கடமை வேலை தருவோருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் உண்டு என்று காவல்துறை வலியுறுத்துகிறது. பாதுகாப்புக் கேட்டு வருவோரையும் ஆவணம் கேட்கப்படுவோரையும் சந்திப்பது ஒரே காவலர்கள் என்பதால், இந்த இரு வேலைகளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன.

பெண்களும் குடும்பங்களும்

பனியன் தொழிலாளர்களில் பெண்கள் பெரும்பகுதியினர். இரவு வேலை முடித்துத் திரும்புவது, விடுதி வாழ்க்கை, பணியிடத் தொல்லை ஆகியவற்றில் மகளிர் காவல் நிலையங்களும், 112, 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களும், ‘காவல் உதவி’ செயலியும் அவர்கள் நாடக்கூடிய வழிகள். பணியிடப் பாலியல் தொல்லையை விசாரிக்க 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குற்றவழக்குத் தொடர விரும்பும் பெண் அந்தக் குழுவோடு நில்லாமல் காவல் நிலையத்தையும் அணுகலாம்.

சாதி கடந்த திருமணங்களின் பாதுகாப்பு இம்மாவட்டத்தில் தனிக் கவனம் பெற்றது 2016 மார்ச் 13க்குப் பிறகு. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராப் பதிவு வழக்கின் முக்கியச் சான்றானது. திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் 6 பேருக்கு மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் அவர்களில் ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, சங்கரின் மனைவியின் தந்தையை விடுவித்தது. இத்தகைய தம்பதியரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது.

தோட்டத்து வீடுகள்

நகருக்கு வெளியே காவல் பணியின் இயல்பு மாறுகிறது. பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் வீடுகள் தோட்டங்களுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அமைந்துள்ளன. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்கள் தனித்திருக்கின்றனர். 2024 நவம்பரில் அவிநாசிபாளையம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் வயதான தம்பதியரும் மகனும் கொல்லப்பட்டனர். ஈரோடு மாவட்டம் சிவகிரியில் இன்னொரு முதிய தம்பதியர் கொல்லப்பட்ட வழக்கில் 2025 மே மாதம் பிடிபட்டவர்களுக்கு முந்தைய கொலையிலும் தொடர்பு இருப்பதாகக் காவல்துறை அறிவித்தது. இதன்பின் தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுப்பது, இரவு ரோந்து, கேமரா பொருத்துமாறு வலியுறுத்துவது ஆகியவை தீவிரமாயின.

இந்த இரவுப் பணியின் ஆபத்து 2025 ஆகஸ்டில் வெளிப்பட்டது. உடுமலைப்பேட்டையை அடுத்த குடிமங்கலம் பகுதியில், ஒரு தோட்டத்தில் தந்தைக்கும் மகன்களுக்கும் சண்டை நடப்பதாக வந்த தகவலின்பேரில் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். தேடப்பட்டவர்களில் ஒருவர் சில நாட்களுக்குள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

விபத்தும் பெருந்தொற்றும்

சேலம்–கொச்சி நெடுஞ்சாலை மாவட்டத்தின் வழியாகச் செல்கிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தனர். அடுத்த மாதமே வந்த பொதுமுடக்கத்தில், வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர்களுக்கு உணவு சேர்ப்பது முதல் சிறப்பு ரயில்களுக்கு அழைத்துச் செல்வது வரை வருவாய்த்துறையோடும் தன்னார்வலர்களோடும் காவலர்கள் ஈடுபட்டனர். தடையை மீறி ஊர்சுற்றிய இளைஞர்களை, ‘கொரோனா நோயாளி’யாக நடித்தவர் இருக்கும் ஆம்புலன்சில் ஏற்றும் விழிப்புணர்வுக் காணொளியை மாவட்டக் காவல் வெளியிட்டது. அது நாடு முழுவதும் பகிரப்பட்டது. சிரிப்பையும், நோயாளியைப் பூச்சாண்டியாக்கலாமா என்ற கேள்வியையும் அது ஒருசேர எழுப்பியது.

விமர்சனங்கள்

நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டதும், கடைகளைக் குடியிருப்புப் பகுதிகளுக்கு மாற்றும் முயற்சி தமிழ்நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2017 ஏப்ரல் 11இல் பல்லடம் அருகே சாமளாபுரத்தில் நடந்த மறியலைக் கலைத்தபோது, கூடுதல் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறையும் காட்சி பதிவானது. அது மாநிலம் முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது.

அதற்கு முன்பே நம்பிக்கையைக் குலைத்தது பாசி நிதி நிறுவன வழக்கு. 2008–09இல் அதிக வட்டி ஆசை காட்டி சுமார் 930 கோடி ரூபாய் திரட்டிய திருப்பூர் நிறுவனம் அது. விசாரணையின்போது நிறுவனத்தாரிடம் பணம் பறித்ததாகக் காவல் அதிகாரிகள் சிலர் மீதே குற்றச்சாட்டு எழ, வழக்கு 2011இல் சி.பி.ஐ. வசம் சென்றது. 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் நிறுவன இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

மனுவும் வழக்குப் பதிவும்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அளிக்கப்படும் மனு முதலில் சமுதாயப் பணிப் பதிவேட்டில் ஏறும், மனுதாரருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். தொலைந்த ஆதார் அட்டை, பக்கத்து வீட்டுத் தகராறு, வாடகை முன்பணம் போன்றவை பெரும்பாலும் இந்த அளவிலேயே முடிகின்றன. ஆனால் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ரசீதைத் தந்து வழக்கைத் தவிர்ப்பது அதற்கு முரணானது. நிலையத்தில் மனு ஏற்கப்படாவிட்டால் ஆணையர் அல்லது கண்காணிப்பாளர் அலுவலகத்தின் குறைதீர் முகாமை அணுகலாம். இணைய மோசடிகளுக்கு 1930 என்ற தேசிய எண் உள்ளது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அளிக்கலாம் என்பதைச் சட்ட விதியாக்கியது. ஊருக்குப் போகும் வழியில் ரயிலில் பணத்தைப் பறிகொடுத்தவரும், சொந்த ஊரில் குடும்பம் தாக்கப்பட்டதைத் திருப்பூரில் இருந்தபடி அறிந்தவரும் இதன்படி இங்கேயே புகாரளிக்கலாம். அந்தப் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பது இங்குள்ள காவல் நிலையத்தின் கடமை.