கழுவாத கண்ணாடித் தட்டு

1869இல் நியூயார்க்கில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர் மீது மோசடி வழக்கு நடந்தது. இறந்தவர்களின் ஆவியைப் படமெடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. எதிர்த்துச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் பி.டி. பார்னம். ஊரை ஏமாற்றியே பணக்காரரான ஆசாமி அவர், அது தனிக்கதை.

ஆவி எப்படி வந்தது? அப்போது படம் பதிவானது கண்ணாடித் தட்டில். ஒரே தட்டைக் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். சரியாகக் கழுவலைன்னா பழைய முகம் புதுப் படத்தில் மங்கலாக நிற்கும். வேண்டுமென்றே செய்யவும் பல வழிகள் இருந்தன. மம்லர் எந்த வழியில் செய்தார் என்பதைத்தான் நிரூபிக்க முடியவில்லை. விடுதலையானார்.

எனக்கு மம்லரைவிட அவரிடம் போனவர்கள்தான் முக்கியம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை. பாஸ்டனில் மம்லர் எடுத்த சில 'ஆவிகள்' உயிரோடு நடமாடுகிற ஆட்கள் என்று தெரிந்த பிறகும் கூட்டம் போனது. வழக்கு முடிந்து சில வருடங்களில் மேரி டாட் லிங்கனும் அவரிடம் போனார். கணவர் சுடப்பட்டு இறந்தார், மகன்களில் மூன்று பேர் போய்விட்டார்கள். படத்தில் ஆபிரகாம் லிங்கனின் கைகள் அவர் தோள்மீது இருக்கின்றன. இது பொய்தானே என்று அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

அதே வழக்கு ஒரு வீட்டுக்குள் நடந்தால் எப்படியிருக்கும்? ஜோயல் ஆண்டர்சன் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் 'லேக் மங்கோ' (2008) அதுதான். (பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து மீதியைப் படிங்க.) விக்டோரியா மாநிலத்தின் அராரத் ஊரில் ஆலிஸ் பாமர் என்ற பதினாறு வயதுப் பெண் நீரில் மூழ்கி இறக்கிறாள். பேட்டி, பழைய வீடியோ, புகைப்படம் என்று முழுக்க ஆவணப்படம் போலவே போகிறது. யாரும் அலறுவதில்லை. மகளின் உடலைப் பார்க்காத அம்மா ஜூனால் அவள் இறந்ததை ஏற்க முடியவில்லை. வீட்டில் எடுத்த படங்களில் ஆலிஸ் தெரிய ஆரம்பிக்கிறாள். கடைசியில் எல்லாம் அவளுடைய சகோதரன் மேத்யூ செய்த ஒட்டுவேலை என்று தெரிகிறது.

ஆனால் மேத்யூ காசுக்காகச் செய்யவில்லை. புதைத்த உடலைத் தோண்டிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தால், அம்மாவின் சந்தேகம் அதோடு தீரும் என்று நினைத்தான். தோண்டினார்கள். ஆலிஸ்தான்.

மம்லரின் வழக்கில் பொய் நிரூபணமாகவில்லை. இங்கே பொய்யை அவனே ஒப்புக்கொள்கிறான், ஆனால் கதை முடியவில்லை. மங்கோ ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன இரவில் ஆலிஸின் கைப்பேசியில் ஓர் உருவம் பதிவாகிறது. இருட்டிலிருந்து மெல்ல நெருங்கி வருவது நீரில் ஊறி உப்பிய அவளுடைய முகமேதான், அவள் சாவதற்கு முன்பே. பயந்துபோய் கைப்பேசியை அங்கேயே மண்ணில் புதைத்திருக்கிறாள். வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போனது அந்த முகத்தால் இல்லை, அவள் சொல்லாமல் இருந்ததால்.

குடும்பம் மனசு ஆறி வீட்டை மாற்றுகிறது. பெயர்கள் ஓடும்போது பழைய காட்சிகள் மறுபடி வருகின்றன. மேத்யூ ஒட்டிய உருவத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த அதே படங்களில், வேறொரு மூலையில், அவன் கை படாத இடத்தில், ஆலிஸ் நின்றுகொண்டிருக்கிறாள்.