சமூக உளவியல்: பேரிடர்க் களத்தில் வளர்ந்த ஆய்வுமுறை

பக்கத்தில் ஆள் இருக்கும்போது மனிதரின் நினைப்பும் செயலும் எப்படி மாறுகின்றன என்று ஆராயும் துறை சமூக உளவியல். ஆள் நேரில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற எண்ணமே போதும். 1898-இல் அமெரிக்கர் நார்மன் டிரிப்லெட், சிறுவர்களைத் தூண்டில் நூல் உருளையைச் சுழற்றவிட்டு, தனியே சுற்றும்போதும் போட்டிக்கு ஆள் நிற்கும்போதும் வேகம் மாறுகிறதா என்று அளந்தார். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து ஒப்பிடும் சோதனைமுறை இத்துறையில் அங்கிருந்து வேரூன்றியது.

இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இல் உளவியல் துறையைத் தொடங்கியது. அதை நடத்திய நரேந்திரநாத் சென்குப்தா, ராதாகமல் முகர்ஜியுடன் சேர்ந்து 1928-இல் சமூக உளவியல் நூலொன்றை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இத்துறை 1943-இல் வந்தது. இந்தியா உலகுக்குத் தந்த பெரிய பங்களிப்போ பீகார் நிலநடுக்கத்தையொட்டிப் பிறந்தது.

1934 ஜனவரி 15 அன்று பீகார் அதிர்ந்தது. பாட்னாவில் ஜமுனா பிரசாத், அப்போது ஊரில் உலவிய வதந்திகளைத் திரட்டி 1935-இல் ஆய்வுக் கட்டுரையாக்கினார். நடந்ததைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது, பாட்னாவே இருக்காது என்றெல்லாம் மக்கள் பேசினார்கள். ஏற்கெனவே பயந்தவர்கள் மேலும் பயமுறுத்தும் கதைகளை ஏன் நம்பினார்கள்? 1950-இல் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தபோது, இழப்பை நேரில் கண்ட மக்களிடம் அத்தகைய மிகைக் கதைகள் இல்லை.

இரண்டு ஆய்வுகளையும் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் அருகருகே வைத்துப் பார்த்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாதவர்களிடம் பயம் இருந்தது, அதற்குக் காரணம் கண்ணெதிரே இல்லை. வதந்தி அந்தக் காரணத்தைத் தந்தது. சேதத்தைக் கண்டவர்களுக்கு வதந்தி தேவைப்படவில்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்ணங்களை மனிதர் இசைவாக்க முயல்வர் என்னும் அவரது அறிகை முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இது ஒரு முக்கியத் தூண்டுதல். எந்த ஆய்வாளரும் நிலநடுக்கத்தை உண்டாக்க முடியாது. இயற்கை செய்துவைத்த வேறுபாட்டை ஒப்பிடத்தான் முடியும். ஆனால் ஊர் வேறு, பேரிடர் வேறு, ஆய்வாளரும் வேறு. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், வலுவான கருதுகோளாகக் கொள்வதே சரி.

ஆய்வறைச் சோதனையின் வரம்பை விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1968-இல் நியூயார்க்கில் உளவியலாளர்கள் பிப் லடானே, ஜான் டார்லி இருவரும் ஓர் அறைக்குள் புகையைச் செலுத்தினர். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். அசையாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவர் உடனிருந்தபோது சொன்னவர்கள் 10 விழுக்காட்டினரே. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்தது வேறு. பட்டாசு ஆலைப் புகையைக் கண்டு சுற்றுப்பட்டு மக்கள் ஓடி வந்தார்கள்; காப்பாற்ற வந்தவர்களும் உண்டு, பார்க்க வந்தவர்களும் உண்டு. அடுத்த வெடிப்பு அவர்களில் பலரையும் கொண்டுபோனது. மொத்தம் சுமார் 40 பேர் இறந்தார்கள். நியூயார்க் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். இங்கே ஆலைக்குள் இருப்பது அக்காவாகவோ, மருமகனாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கும். பிறரைப் பார்த்து நடப்பது இரண்டிடத்திலும் உண்டு. பார்க்கப்பட்டவர்கள் செய்தது வேறு.

பட்டாசுத் தொழிலாளரிடம் கருத்தாய்வு நடத்துபவருக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆலை வாசலில், ஃபோர்மேன் காதுபடக் கேட்டால் பதில் பிழைப்பைக் காக்கும் பக்கம் சாயும். அபாயத் தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவதற்கு எதிரான 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு உள்ளபடி பதில் கிடைப்பதும் அரிது. பழகி, பல நாள் உடனிருந்து பார்க்கும் கள ஆய்வே இங்கு நம்பத்தக்கது. தொழிலாளியின் சம்மதமும் பெயர் மறைப்பும் அதற்கு முதல் நிபந்தனை.

தீபாவளிக்கு முந்தைய அவசர உற்பத்தியும் பிந்தைய மந்தமும் ஆண்டுதோறும் இங்கே தாமாகவே ஓர் ஒப்பீட்டை அமைத்துத் தருகின்றன. வேலை நெருக்கடி கூடும்போது பாதுகாப்பு விதிகளைப் பற்றிய குழுவின் மனப்போக்கு மாறுகிறதா என்பதை விருதுநகர் மாவட்டக் கல்லூரி மாணவர்கள் ஆராய்ந்து, முடிவுகளைத் தொழிலாளர் முன் தமிழிலேயே வைக்க வேண்டும்.