வதுவைச் சோறு

2020ஆம் ஆண்டு ஆவணியில் எங்கள் தங்கை மகனின் திருமணத்தை அணைக்கட்டில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நடத்தினோம். விரும்பி எடுத்த முடிவன்று. முன்பணம் கட்டியிருந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. கொரோனாக் காலம் என்பதால் திருமணத்திற்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்றிருந்தது. பெண் வீட்டார் ஆம்பூர்ப் பக்கம். ஓராண்டுக்கு முன்வரை அவர்களும் நாங்களும் ஒரே வேலூர் மாவட்டத்தார். 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால், இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்காத பயணத்துக்குச் சம்பந்தி வீட்டார் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லை கடக்க வேண்டியிருந்தது.

ஐம்பது பேருக்குத்தானே, வீட்டிலேயே பொங்கிப் போட்டுவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் தெருவில் ஒரு வீட்டிலும் அண்டா இல்லை என்பது தெரிந்தது. எங்கள் சிறுவயதில் அண்டாவும் தவலையும் குண்டானும் பெயர் வெட்டப்பட்டு வீட்டுக்கு வீடு இருந்தன. ஒரு வீட்டுக் கல்யாணத்தின் சமையற்கட்டில் தெருவின் பெயர்கள் அனைத்தையும் படித்துவிடலாம். அவையெல்லாம் பழைய பித்தளைக்குப் போன காலமும், திருமணம் மண்டபத்துக்குப் போன காலமும் ஏறத்தாழ ஒன்றே.

வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தும் அகநானூற்று 86ஆம் பாடல் அந்நாட்களில்தான் எங்களுக்கு வேறு விதமாகப் பொருள்பட்டது. நல்லாவூர் கிழார் பாடிய அப்பாட்டைத் தமிழர் திருமண முறைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். தீ வலம் இல்லை, புரோகிதர் இல்லை, தாலி சொல்லப்படவில்லை என்று பட்டியலிட்டு நிறுத்திவிடுவோம். ஆனால் அப்பாட்டு தொடங்குவது சோற்றில். உளுந்து கலந்து செய்த குழைவான களி முதலில் வருகிறது. குவித்த சோற்றை உண்போர் இடையறாது உண்கின்றனர். அதன் பிறகே பந்தலும், புதுமணலும், விளக்கும், மாலையும். விடியலுக்கு முன் முதிய பெண்கள் தலையில் நீர்க்குடமும் கையில் புதிய கலமுமாக வந்து, முன்னே தர வேண்டியதையும் பின்னே தர வேண்டியதையும் வரிசை பிறழாமல் எடுத்துத் தருகின்றனர். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகள்மேல் சொரிந்து வாழ்த்துகின்றனர். திருமணம் முடிந்தது. அரிசி, நீர், பெண்களின் கைகள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்பதுபோல் இருக்கிறது அக்காட்சி.

இதனோடு சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலை வைத்துப் பார்க்கலாம். அங்கே யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கே மணச்செய்தி அறிவிக்கிறார்கள். மாமுது பார்ப்பான் வருகிறான், தீவலம் நிகழ்கிறது. என்ன சமைத்தார்கள் என்ற பேச்சே அங்கு இல்லை. பெருவணிகர் வீட்டில் அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை போலும். அகநானூற்றின் 136ஆம் பாடலிலோ இறைச்சியோடு நெய் மிக்க வெண்சோறு படைக்கப்படுகிறது. முகூர்த்தத்தன்று கறி ஆகாது என்று முகம் சுளிப்போர்க்கும், திருமணத்தன்று பிரியாணி தேக்சா ஏறாமல் விருந்து நிறையாத ஆம்பூர்க்காரர்களுக்கும் நடுவே, விற்றூற்று மூதெயினனார் ஆம்பூர்ப் பக்கம் நிற்கிறார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பாட்டிலிருந்து நம் காலத்துக்கு வந்தால், அந்த மூன்றும் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்ட வரலாறே வீட்டுத் திருமணத்தின் வரலாறு.

முதலில் அரிசி. இது கேழ்வரகுக் களி தின்ற நாடு; நெல்லுச்சோறு விசேடங்களுக்கு உரியது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. போர்க்காலப் பங்கீடு போர் முடிந்தும் தொடர்ந்து, 1952இல் இராஜாஜி முதலமைச்சராக வந்த பிறகே சென்னை மாநிலத்தில் தானியக் கட்டுப்பாடு நீங்கியது. 1960களில் மறுபடியும் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு வேலை செய்தது என்பதை நாம் அறிவோம். கல்யாணத்துக்கு அரிசி சேர்ப்பது பெண் பார்ப்பதைவிடக் கடினமாக இருந்த தலைமுறை அது. சிறிய திருமணம் அவர்களுக்குக் கொள்கையன்று, கையிருப்பு. அதைக் கொள்கையாக்கியது சுயமரியாதை இயக்கம்: 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தொடங்கிய அம்முறைக்கு 1967இல் அண்ணா ஆட்சி சட்ட ஏற்பு அளித்தது.

அடுத்து, கைகள். வீட்டுச் சமையல் கல்யாணம் என்று நாம் உருகிப் பேசும்போது, இரவெல்லாம் ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்த பெண்கள் நினைவுக்கு வருவதில்லை. கோவையில் 1950களில் உருவான மாவரைக்கும் இயந்திரம் நம் பக்கத்து வீடுகளை எட்ட நெடுநாள் ஆயிற்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கல்யாணங்களில் யார் சமையற்கட்டுக்குள் வரலாம், யார் முதற்பந்தி, யாருக்குக் கொல்லைப்புறத்தில் சோறு என்பதெல்லாம் சொல்லாமலே தீர்மானமாகியிருந்தன. காசுக்கு வரும் சமையல்காரரும் மண்டபத்து நீண்ட மேசையும் அந்த வரிசையை ஓரளவேனும் கலைத்தன. ஆகவே மண்டபத்தை முழுக்கப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, நீர். இதுதான் இந்தப் பாலாற்றுப் பகுதிக்கே உரிய கதை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பிழைப்பைக் கொடுத்தது, கிணற்றைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில், தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு ஆகாமற்போனதாகப் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியிருந்தது. உப்பேறிய நீரில் பருப்பு வேகாது. நிலத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதலாம். வேகாத பருப்பைப் பற்றி எவரும் எழுதவில்லை. சொந்தக் கிணற்றை நம்பி வீட்டில் கல்யாணம் வைக்க முடியாத ஊர்களில் லாரித் தண்ணீருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் மண்டபம் தேவையாகிவிட்டது. பெண் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று நாங்கள் கேட்டபோது சம்பந்தியம்மாள் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: "எங்க கெணத்துத் தண்ணியில சோறாக்க முடியாதுங்க."

ஆகவே அணைக்கட்டில் நடந்தது. அண்டா இரண்டை ஒடுகத்தூரில் வாடகைக்கு எடுத்தோம். முற்றத்தின் மூலையில் செங்கல் அடுக்கிக் கோட்டை அடுப்பு மூட்டினோம். ஆறு கிலோ அரிசி, பருப்பு, வடை, பாயசம். பக்கத்து இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்தரிக்காய். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு அது வண்டியில்லாமல் தோட்டத்தில் முற்றிக் கிடந்த காய். நறுக்க ஆண்களும் உட்கார்ந்தோம், முள் குத்தியதில் இருவர் எழுந்துவிட்டனர். எண்ணெய் காயும்வரை பொறுக்காமல் வடை தட்டிய பெரியம்மா மருமகனைத் திட்டினார். நலங்கின்போது மணப்பெண்ணின் தலையில் நீர் ஊற்ற யார் யார் என்று பேச்சு வந்தது. பிள்ளை பெறாத தங்கை ஒருத்தி தயங்கி ஒதுங்கினாள். சம்பந்தியம்மாள்தான் அவள் கையில் செம்பைக் கொடுத்தார். நல்லாவூர் கிழாரின் நால்வர் ஐவரானார்கள்.

மாலையில் அவர்கள் புறப்படும்போது வண்டியின் பின்பக்கத்தில் சீர்த்தட்டுகள் வந்த இடம் காலியாக இருந்தது. பலகாரம் வைக்கலாம் என்று எடுத்து வந்தோம். சம்பந்தியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இரண்டு கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் ஏற்றச் சொன்னார்.